கட்டிலுக்கு அடியில் 212 பிரதிகள்: ஊரில் இருந்தபடியே எழுத்தாளராக ஒரு முழு வழிகாட்டி

என் முதல் புத்தகம் 300 பிரதி அச்சானது. அதில் 212 பிரதி நான்கு வருடம் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஒரு ஐப்பசி மழையில் சுவர் ஊறி, கீழே இருந்த கட்டுகளைக் கரையான் பிடித்துவிட்டது. அம்மா அதையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய்த் தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டு, "உரமாவாவது ஆகட்டும்" என்றார். நான் பகலில் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன். அந்த வார்த்தை கொஞ்சம் கூடுதலாகவே சுட்டது.

அதற்கு அப்புறம் மூன்று புத்தகம் வந்துவிட்டது. எதற்கும் நான் காசு கொடுக்கவில்லை. இடையில் என்ன கற்றுக்கொண்டேன் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது சுலபம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சென்னைக்குக் குடிபோக வேண்டியதில்லை. ‘எனக்குத் திறமை இருக்கிறதா’ என்று யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்கவும் வேண்டாம். நான் பார்த்தவரை நம் பக்கத்துப் பிள்ளைகள் இடறுவது இரண்டு இடத்தில். எழுதியதைத் திரும்ப எழுதுவதில்லை. கையெழுத்துப் போடும் தாளைப் படிப்பதில்லை. இந்த இரண்டு இடத்திலும் கொஞ்ச நேரம் நிற்பேன். மற்றது வேகமாகப் போகும்.

1. படிப்பு: மேஸ்திரி வீடு பார்க்கிற மாதிரி

புதுமனைப் புகுவிழாவுக்குப் போனால் நாம் பெயின்ட் நிறத்தையும் டைல்ஸையும் பார்ப்போம். கூட வருகிற மேஸ்திரி, மூலை மட்டமாக இருக்கிறதா, மாடிப்படிக்கு அடியில் இருக்கிற இடத்தை என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். எழுத வருகிறவர் மேஸ்திரி மாதிரி படிக்க வேண்டும்.

நான் செய்தது இது. பிடித்த சிறுகதை ஒன்றை முழுதாக நோட்டில் கையால் எழுதினேன். எட்டுப் பக்கக் கதை என்றால் இரண்டு ராத்திரி ஆகும், விரல் வலிக்கும். கண் ஓடுகிற வேகத்தில் தப்பிப்போவதெல்லாம் கை போகிற வேகத்தில் சிக்கும். முதல் பேச்சு எத்தனையாவது வரியில் வருகிறது? கதைக்குள் எத்தனை நாள் ஓடுகிறது? அந்தக் கிழவியின் முகத்தை எங்கேயும் வர்ணிக்கவே இல்லையே, அப்புறம் எப்படிக் கண்முன் நிற்கிறாள்? பத்துக் கதையை இப்படி எழுதிப் பாருங்கள். காசு கட்டிப் போகிற வகுப்பில் இதைவிடப் பெரிதாக ஒன்றும் சொல்லித்தர மாட்டார்கள்.

புத்தகம் வாங்க வசதியில்லை என்பது இப்போது ஒரு தடையே இல்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, சின்ன ஊர்களில் கிளை நூலகம் இருக்கிறது. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் சும்மாவே படிக்கலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் சங்கப் பாட்டிலிருந்து பழைய நாவல் வரை கிடைக்கும்.

இன்னொன்று. தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு ஒருமுறை போய் அங்கிருக்கிற நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய மாடுகளை யார் ஓட்டிக்கொண்டு போனார்கள், மீட்கப் போன யார் மகன் யார் ‘பட்டான்’. பெரும்பாலான கல்லில் எழுத்து இவ்வளவுதான். பட்டான் என்றால் செத்தான். ஊர் எப்படி அழுதது என்பதற்கெல்லாம் இடம் கிடையாது, கல்லில் ஒவ்வொரு எழுத்தையும் உளியால் வெட்ட வேண்டுமே. வாட்ஸ்அப்பில் நாலு பக்கத்துக்கு இரங்கல் எழுதுகிற நமக்கு அந்தக் கல் முன்னால் பத்து நிமிடம் நிற்பது நல்லது.

2. காது

‘என்னிடம் எழுத விஷயமே இல்லை அண்ணா’ என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நம் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கவனித்தாலே போதும். வயலுக்கு நடுவே நாலைந்து வீடு சேர்ந்திருந்தால் அது கொட்டாய். அள்ளி என்று முடிகிற ஊர்கள் கன்னடத்து ஹள்ளியிலிருந்து வந்தவை. ஓசூர்ப் பக்கம் ஒரே வீட்டில் அடுப்படியில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், பெங்களூரு போகிற பஸ்ஸில் கன்னடம் என்று ஓடும். மாங்கூழ் ஆலையில் சீசன் வேலை, சிப்காட்டில் ராத்திரி ஷிஃப்ட், கிரானைட் குவாரி, ராகிக் கொல்லையில் இறங்குகிற யானை, ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளுகிறவர். எதுவும் இல்லையா?

சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘கதைக் கரு’ எழுதுவதற்கு அல்ல. கரு என்று எழுதிவைத்தது எதுவும் எனக்குக் கதையானதில்லை. யாராவது ஒரு விஷயத்தைச் சொன்ன விதம் காதில் நின்றால் அதை அப்படியே எழுதுங்கள். உரக்கடைக்கு வந்த ஒரு பெரியவர், "மழ வந்துச்சுங்க, எங்க ஏரிய மட்டும் பாக்காத மாதிரி போயிடுச்சு" என்றார். மூன்று வருடம் கழித்து அந்த வரியைச் சுற்றி ஒரு கதை வளர்ந்தது.

வட்டாரப் பேச்சை எவ்வளவு எழுதுவது என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. கதை முழுக்க, மரத்தையும் மாட்டையும் வர்ணிப்பதைக்கூட, எங்கள் பேச்சிலேயே எழுதிவிட்டு, பென்னாகரம் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரிடம் படித்துக்காட்டினேன். முழுதும் கேட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "கண்ணு, நானும் ராஜா வேசம் கட்டறேன். ராஜா பேசறப்ப ராஜாப் பேச்சு. கட்டியக்காரன் வந்தாத்தான் ஊர்ப் பேச்சு. ரெண்டையும் ஒண்ணா கொழப்பி ஊத்துனா ஜனம் பாயச் சுருட்டிக்கிட்டுப் போயிடும்."

அன்றிலிருந்து கதை சொல்கிற இடத்தில் எழுத்துத் தமிழ், ஆட்கள் பேசுகிற இடத்தில் ஊர்ப் பேச்சு. அந்தப் பேச்சிலும் எல்லாச் சொல்லையும் உடைப்பதில்லை. ஒரு வரிக்கு ஒன்றிரண்டு சொல்லில் வாடை வந்தால் போதும், மீதியைப் படிக்கிறவர் காதே சேர்த்துக்கொள்ளும். களி, மானாவாரி, கொட்டாய் மாதிரிச் சொற்களுக்கு அடைப்புக்குறியில் அர்த்தம் போடாதீர்கள். கதையே சொல்லட்டும்.

உண்மையில் நடந்ததை எழுதப் போகிறீர்கள் என்றால் காது மட்டும் போதாது. அரூர் வட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ஆம் தேதி தொடங்கி வனத்துறையும் போலீசும் ஊர் மக்கள்மேல் நடத்திய கொடுமையை எழுத வேண்டும் என்று பல இளைஞர்கள் சொல்கிறார்கள். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தந்த தீர்ப்பும், 2023-இல் அதை உறுதி செய்த உயர் நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கின்றன. அவற்றைப் படிக்காமல், கேள்விப்பட்டதை வைத்து உணர்ச்சியாக எழுதுவது அந்த ஊர்ப் பெண்களுக்குச் செய்கிற மரியாதை ஆகாது. தாளைப் படியுங்கள், ஊருக்குப் போங்கள், அவர்கள் பேசச் சம்மதித்தால் கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் திரும்பி வாருங்கள்.

3. முதல் வரைவு

இதற்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், முந்நூறு சொல். அவ்வளவு எழுதினால் பத்து நாளில் ஒரு சிறுகதையின் முதல் வரைவு கையில் இருக்கும். எனக்கு விடிகாலை ஐந்து மணி. ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்க்கிற தங்கச்சி ஒருத்தி கம்பெனி பஸ்ஸில் போனைக் காதில் வைத்துப் பேசிப் பேசியே எழுதுகிறாள். பக்கத்து சீட்டுக்காரி, யாரிடமோ வீட்டுச் சண்டையைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

குரலில் எழுதினால் ல, ள, ழ மாறும், ர, ற மாறும், ஒற்று காணாமல் போகும். அப்புறம் உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும். தட்டச்சு என்றால் தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். எதில் எழுதினாலும் யூனிகோடில் எழுதுங்கள். பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால், திறக்கிற இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும், உதவி ஆசிரியர் மூடிவைத்துவிடுவார்.

முதல் வரைவு அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.

4. திரும்ப எழுதுவது

என் கட்டிலுக்கடியில் கிடந்த புத்தகத்தில் இருந்த ஒரு பத்தியை அப்படியே தருகிறேன். வெட்கம்தான், பரவாயில்லை.

"தக்காளி விலை வீழ்ச்சியடைந்ததால் முனியப்பனின் மனம் சுக்குநூறாக உடைந்தது. அவன் கண்களில் கண்ணீர் ஆறாகப் பெருகியது. விவசாயியின் வாழ்க்கையே இப்படித்தானோ என்று விதியை நொந்துகொண்டான்."

இதில் முனியப்பன் எங்கே இருக்கிறான்? சுக்குநூறாக உடைகிற மனமும் ஆறாகப் பெருகுகிற கண்ணீரும் கடையில் ரெடிமேடாகக் கிடைப்பவை. விலை எவ்வளவு, எந்த மார்க்கெட், அவன் அடுத்து என்ன செய்தான், எதுவும் கிடையாது. சில வருடம் கழித்து இதே கதையைத் திரும்ப எடுத்தேன். இரண்டாவது வரைவு:

"பாலக்கோடு மார்க்கெட்டில் கூடை முப்பது ரூபாய்க்குக் கேட்டார்கள். பறித்த கூலிக்குக்கூடக் கட்டாது என்று முனியப்பனுக்குத் தெரியும். வேதனையோடு கூடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ரோட்டோரம் கொட்டினான்."

முன்னதைவிடத் தேவலாம். ஊர் வந்துவிட்டது, விலை வந்துவிட்டது. ஆனால் ‘வேதனையோடு’ என்று நான் ஒரு சீட்டு எழுதி அவன் முதுகில் ஒட்டியிருக்கிறேன். அப்புறம், ரோட்டில் தக்காளி கொட்டுவதை டிவியில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. தக்காளி வண்டி ஓட்டுகிற ஒரு அண்ணனோடு ஒரு காலை முழுக்கச் சுற்றினேன். அவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் மூன்றாவது வரைவைத் தந்தது:

"கூடை முப்பது என்றார் மண்டிக்காரர். முனியப்பன் விரல்விட்டு எண்ணினான். பறிகூலி, வண்டி வாடகை, சுங்கம். எண்ணி முடித்ததும் கூடைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னான். ஏரிக்கரைத் திருப்பத்தில் நிறுத்திக் கொட்டினார்கள். கடைசிக் கூடையைக் கவிழ்க்கும் முன்னால் நல்ல பழமாக நாலு எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டான். குழம்புக்குத் தக்காளி இல்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்."

இதில் ‘வேதனை’ என்ற சொல்லே இல்லை. ஒரு வண்டித் தக்காளியைக் கொட்டிவிட்டு நாலு பழத்தை முடிந்துகொண்டு போகிற ஆளைப் பற்றி மேற்கொண்டு நான் என்ன சொல்ல? அந்த நாலு பழம் முதல் வரைவில் எனக்குத் தெரியாது. இரண்டாவதிலும் தெரியாது. திரும்ப எழுதாமல் இருந்திருந்தால் எப்போதுமே தெரிந்திருக்காது.

செய்முறை என்று கேட்டால், என் பழக்கம் இதுதான். எழுதி முடித்ததைப் பதினைந்து நாள் கண்ணில் படாமல் வைப்பேன். அப்புறம் தாளில் அச்செடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகப் படிப்பேன். நாக்கு தடுக்குகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. முதல் பத்தியை விரலால் மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கினால் கதை நிற்கிறதா என்று பார்ப்பேன். பாதிக்கு மேல் நிற்கும், அப்படியென்றால் முதல் பத்தி போகலாம். கடைசிப் பத்தியிலும் அதே சோதனை, அங்கேதான் நமக்கு உபதேச ஆசை வரும். பிறகு, உணர்ச்சியின் பெயரைச் சொல்கிற சொற்களை எல்லாம் சுழித்து, அந்த இடத்தில் ஆள் என்ன செய்தான் என்று கேட்பேன். ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை பார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். சுவரே இடிகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் சுண்ணாம்பு அடிக்கக் கூடாது.

5. இரண்டு வாசகர் போதும்

முகநூலில் போட்டால் ‘அருமை தோழர்’ என்று நாற்பது பேர் சொல்வார்கள். அதில் முப்பத்தைந்து பேர் படித்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது, ‘எனக்கு இந்த இடத்தில் போரடித்தது’ என்று சொல்கிற இரண்டு பேர். ஒருவர் நிறையப் படித்தவராகவும் இன்னொருவர் கதையே படிக்காதவராகவும் இருந்தால் நல்லது. என் இரண்டாவது ஆள் உரக்கடை முதலாளி. "இவன் ஏன்யா வங்கிக்குப் போகல?" என்று ஒரே கேள்வியில் ஒரு நெடுங்கதையைச் சாய்த்துவிட்டார். யோசித்தால் அவர் கேட்டது சரி.

6. பத்திரிகைக்கு அனுப்புவது

புத்தகத்துக்கு முன்னால் பத்திரிகையில் ஐந்தாறு கதையாவது வரட்டும். பதிப்பாளர் உங்கள் பெயரை எங்காவது பார்த்திருப்பார், அதைவிட முக்கியம், முன்பின் தெரியாத ஒருவர் உங்களைத் தேர்ந்தெடுத்த அனுபவம் கிடைக்கும். வார இதழ், இலக்கிய மாத இதழ், நாளிதழின் ஞாயிறு இணைப்பு, இணைய இதழ் என்று நாலு வகை. எங்கே அனுப்பினாலும் அந்த இதழின் மூன்று நான்கு இதழ்களையாவது படித்துவிட்டு அனுப்புங்கள்.

யூனிகோடு கோப்பு, மின்னஞ்சலில் நாலு வரி, உங்கள் பெயர், ஊர், போன் எண். ‘தங்கள் மேலான பார்வைக்கு’ என்று ஒரு பக்கம் புகழ வேண்டாம். கதையின் கருத்தை நீங்களே விளக்கவும் வேண்டாம். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது. இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும். ஏற்கனவே முகநூலில் போட்டதைப் பல இதழ்கள் ‘வெளிவந்தது’ என்றே எடுத்துக்கொள்கின்றன, அதனால் அனுப்பப் போகிற கதையை அங்கே போடாதீர்கள். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டு, வேறு இடத்துக்கு அனுப்புங்கள்.

நான் கணக்குப்பிள்ளை என்பதால் இதற்கும் ஒரு பேரேடு வைத்திருக்கிறேன். கதை, இதழ், அனுப்பிய தேதி, முடிவு. திரும்பி வந்ததற்குச் சிவப்பு மை. முதல் இரண்டு வருடம் பக்கம் முழுக்க மிளகாய்க் காயப்போட்ட களம் மாதிரி இருக்கும்.

7. புத்தகமும் கையெழுத்தும்

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஒரு பதிப்பாளர், பெயர் வேண்டாம், என் கதைகளைப் ‘படித்து நெகிழ்ந்துவிட்டதாக’ச் சொன்னார். நாற்பதாயிரம் கொடுத்தால் 300 பிரதி போட்டுத் தருவதாகச் சொன்னார். கொடுத்தேன். ஒரு தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். உரக்கடையில் நாற்பது மூட்டை யூரியா வந்து இறங்கினால் எண்ணாமல் கையெழுத்துப் போடாத நான், என் சொந்தக் கதைகளுக்கான தாளைப் படிக்காமல் போட்டேன். பின்னாளில் ஒருவர் அதில் ஒரு கதையைக் குறும்படம் எடுக்கக் கேட்டபோதுதான் அந்தத் தாளை வெளியே எடுத்தேன். ‘எல்லா உரிமைகளையும் நிரந்தரமாக’ என்று இருந்தது. குறும்படம் நடக்கவில்லை.

புத்தகம் வர மூன்று வழி இருக்கிறது. பதிப்பாளர் தன் காசில் போட்டு உங்களுக்கு ராயல்டி தருவது ஒன்று. நீங்கள் காசு கொடுத்து அவர் பெயரில் போடுவது ஒன்று. நீங்களே பதிப்பாளராகி அச்சகத்தில் கொடுத்துப் போடுவது ஒன்று. முதலாவதும் மூன்றாவதும் நேர்மையான வியாபாரம். நடுவில் இருப்பதில் பதிப்பாளருக்கு விற்க வேண்டிய அவசியமே கிடையாது, அவர் லாபத்தை உங்களிடமே எடுத்துவிட்டார். அதனால்தான் பிரதிகள் கட்டிலுக்கு அடியில் வந்து சேர்கின்றன.

கணக்கைப் பாருங்கள். 200 ரூபாய் விலை, பத்து சதவீத ராயல்டி, 500 பிரதி. எல்லாம் விற்றால் உங்களுக்கு 10,000 ரூபாய். அது விற்க இரண்டு மூன்று வருடம் ஆகலாம். நீங்களே போட்டால்? 128 பக்கம், அதாவது பதினாறு பக்கம் கொண்ட எட்டு ஃபாரம், நூறு பிரதி மட்டும் அடித்தபோது எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பிரதிக்குத் தொண்ணூறு ரூபாய் ஆனது. கடைக்காரர் கழிவு 35 சதவீதம் என்று வைத்தால் எழுபது போகும். மீதி நாற்பதில் தபால், அட்டை வடிவமைப்பு, மெய்ப்புப் பார்த்தவருக்குக் கூலி. தேவைக்கு மட்டும் அச்சிடுகிற வசதி வந்தபிறகு நூறு பிரதியோடு தொடங்கலாம் என்பது ஒரு நிம்மதி, 212 பிரதியைக் காக்க வேண்டியதில்லை.

நீங்களே பதிப்பாளர் என்றால் இரண்டு வேலை சேர்கிறது. ஐஎஸ்பிஎன் என்கிற, புத்தகத்துக்கான அடையாள எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கு யாராவது ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். அடுத்தது, 1954-ஆம் வருடச் சட்டப்படி புத்தகம் வெளிவந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஏஷியாட்டிக் சொசைட்டியில் இருக்கிற மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டும்.

இனி தாள். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளர் பக்கம் நன்றாகவே நிற்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. எழுதிய உடனே உரிமை உங்களுடையது, பதிவு செய்தால்தான் உரிமை என்று எதுவும் கிடையாது. நீங்கள் இருக்கும்வரையும், உங்களுக்குப் பின் 60 வருடமும் அது உங்களுக்கும் உங்கள் வாரிசுக்கும். அதை இன்னொருவருக்கு மாற்றித் தருவதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், உங்கள் கையெழுத்து வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருடத்துக்கு என்று எழுதவில்லையென்றால் சட்டம் அதை 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லையென்றால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, உரிமை உங்களிடமே திரும்பிவிடும்.

அதனால் தாளில் ஐந்து விஷயம் தேடுங்கள். அச்சுப் புத்தகம் மட்டுமா, மின்நூல், ஒலிநூல், சினிமா, மொழிபெயர்ப்பும் சேர்த்தா? எத்தனை வருடம்? ராயல்டி எத்தனை சதவீதம், அது விலையிலா, கழிவு போனபின் வருகிற தொகையிலா? வருடத்துக்கு ஒருமுறை கணக்கு தருவாரா? புத்தகம் தீர்ந்து, மறுபதிப்பு வராமல் கிடந்தால் உரிமை எப்போது திரும்பும்?

என் இரண்டாவது புத்தகத்தின்போது இதையெல்லாம் கேட்டேன். "அச்சுக்கு மட்டும், அஞ்சு வருசம்னு போட்டுடுங்க சார்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இதுவரைக்கும் இப்படி யாரும் கேட்டதில்லையே தம்பி" என்றார். கோபித்துக்கொண்டாரோ என்று பயந்தேன். மறுநாள் திருத்திய தாள் வந்தது. கேட்காததால்தான் இவ்வளவு நாளாக யாருக்கும் கிடைக்கவில்லை.

8. பணம்

வேலையை விடாதீர்கள். கதை எழுதி மட்டும் குடும்பம் நடத்துகிறவர்கள் தமிழில் மிகக் குறைவு.

காசு தாமதமாக வருவது புது வியாதியும் இல்லை. நம் தகடூரில் அதியமானையே நம்பிப் போன ஔவையாருக்குப் பரிசில் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. புறநானூற்றின் 206-ஆம் பாட்டில் வாயிற்காவலனைக் கூப்பிட்டு அவர் சண்டை போடுகிறார். தச்சன் பிள்ளை கோடாலியோடு காட்டுக்குப் போனால் மரமா கிடைக்காது, எந்தப் பக்கம் போனாலும் எங்களுக்குச் சோறு உண்டு என்று சொல்லிவிட்டு யாழைக் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகிறார். நெல்லிக்கனிக் கதையை எல்லோரும் சொல்வார்கள், இதை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். ராயல்டி கேட்டு மின்னஞ்சல் எழுதக் கூச்சமாக இருக்கும்போது நான் அந்தப் பாட்டை ஒருமுறை படித்துக்கொள்வேன்.

அவர் சொன்ன கோடாலி, எழுதுகிற கை. அதை வைத்துக் கூடவே செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன: மெய்ப்புப் பார்ப்பது, பெரியவர்களின் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டு எழுதித் தருவது, ஒலிக்கதை, ஆவணப்படத்துக்கு வசனம், பள்ளிக்கூட ஆண்டுமலர். எந்த வேலை என்றாலும் தொகையையும் தேதியையும் முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. தமிழ் வளர்ச்சித் துறை சிறந்த நூல்களுக்குப் பரிசும், நூல் வெளியிட நிதியுதவியும் தருகிறது. 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011 முதல் சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் விருது இருக்கிறது. தருமபுரியிலும் ஓசூரிலும் நடக்கிற புத்தகத் திருவிழாக்களுக்குப் போங்கள், மேடைக்கு எதிரில் உட்காருவதைவிட ஸ்டால் ஸ்டாலாகப் போய் எந்தப் பதிப்பகம் எந்த மாதிரிப் புத்தகம் போடுகிறது என்று பாருங்கள். அதற்கு ஒரு சாயங்காலம் போதும்.

9. நம் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு வசதி

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பிள்ளைகள் வீட்டிலேயே இரண்டு மூன்று மொழி பேசி வளர்கிறார்கள். அதை ஒரு சொத்து என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. கன்னடத்திலிருந்தும் தெலுங்கிலிருந்தும் நேராகத் தமிழுக்குக் கொண்டுவர ஆள் தேவைப்படுகிறது. படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான், பேச்சு ஏற்கனவே இருக்கிறது. மூல எழுத்தாளரிடமோ உரிமை வைத்திருப்பவரிடமோ எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத்தான் வெளியிட வேண்டும். பழகுவதற்கு அனுமதி வேண்டாம். இன்னொருவருடைய வாக்கியத்தைப் பிரித்துத் திரும்பக் கோக்கும்போது உங்கள் வாக்கியமும் இறுகும்.

போன மாதம் தேன்கனிக்கோட்டைத் தம்பி ஒருவர் ஒரு கன்னடக் கதையை மொழிபெயர்த்துக் கொண்டுவந்தார். நன்றாகவே ஓடியது. கதையில் ராத்திரி வீட்டுக்கு வருகிறவனுக்கு அம்மா ராகி முத்தெ போடுகிற இடம். தம்பி ‘கேழ்வரகு உணவைப் பரிமாறினாள்’ என்று எழுதியிருந்தார். மூன்று வேளையும் களி தின்று வளர்ந்த பிள்ளை.

"ஏன் தம்பி, உங்க வீட்ல இதுக்கு என்ன பேரு?"

"களிதான். புத்தகத்துல களின்னு போட்டா நல்லா இருக்குமாண்ணா?"

அடித்துவிட்டு எழுதச் சொன்னேன். எழுதினார். அடுத்த வரியைப் பார்த்தால் அங்கே ஒரு ‘சிற்றுண்டி’ உட்கார்ந்திருந்தது.